உண்ணி இல்லாத வீடு

பள்ளிக்கூட வாசலில் ஸ்கூட்டியை ஓரங்கட்டிவிட்டு என்னோடு நிற்கிற அம்மாக்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். போன வாரம் நம் எல்லோருடைய போனிலும் தெலுங்கில் ஒரே செய்தி வந்தது. நாளைக் காலை நர்ஸ் வந்து பிள்ளைகளின் தலையைப் பார்ப்பார், பேன் இருந்தால் மருந்து இலவசம், அம்மாவோ அப்பாவோ கூட இருக்க வேண்டும். அன்று சாயங்காலம் நம் எல்லோர் வீட்டிலும் ஒரே வேலைதான் நடந்திருக்கும். நீங்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மறுநாள் கேட்டில் வரிசையில் நின்ற தலைகள் எல்லாம் வேப்பெண்ணெய் நாற்றமடித்தன.

நான் என் மகளை முழங்கால்களுக்கு நடுவில் உட்கார வைத்து, மடியில் வெள்ளைத் துண்டை விரித்து, பேன் சீப்பால் வாரினேன். துண்டில் விழுந்ததைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து நசுக்கினேன். அந்தச் சின்னச் சத்தத்தில்தான் எங்கள் ஊர் மாட்டுக்கொட்டாய் நினைவுக்கு வந்தது. பழசை எழுதுகிற வயது எனக்கு இன்னும் வரவில்லை என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் அன்று என் அம்மாவுக்கு என்ன வயதோ அதுதான் இன்று எனக்கு. அதனால்தான் தள்ளிப்போட முடியவில்லை.

எங்கள் ஊர் ஆந்திர எல்லையில், விஜயபுரம் பக்கம். பள்ளியில் தெலுங்கு, வீட்டில் தமிழ், மாட்டை ஓட்டும்போது இரண்டும். எங்களிடம் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சீமைப் பசு இருந்தது. அது நைனா, என் அப்பா, வாங்கியதில்லை. அம்மாவுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்தது. கன்றாக டெம்போவில் வந்திறங்கி எங்கள் கொட்டாயிலேயே பெரிதானது. நிலம், வீடு, கிணற்றில் பங்கு எல்லாம் நைனாவின் ஆட்களுடையது. அம்மா "என்னுது" என்று சொல்லக்கூடியது அந்த ஒன்றுதான். கோபம் வந்தால் அவள் சமையலறையில் அழமாட்டாள். கொட்டாய்க்குப் போய் மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டு நிற்பாள்.

அடுத்த வீடு அத்தையுடையது, நைனாவின் அக்கா. அவளிடமும் ஒரு சீமை மாடு. அத்தை வாய் திறந்தால் தெரு நின்று கேட்கும். "எங்க தம்பி பொண்டாட்டி ஊட்ல இருந்து வந்ததுல உருப்படி அந்த மாடு ஒண்ணுதான்" என்பாள். அம்மா அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே துணி பிழிவாள்.

அந்த வருடம் வெயில் தொடங்கும்போது ஊருக்குள் வெள்ளை வேன் ஒன்று வந்தது. எந்த ஆபீஸிலிருந்து என்று எனக்கு இன்றும் தெரியாது. அதிலிருந்து ஒரு டாக்டர் சாரும், கண்ணாடிச் சில்லுகள் அடுக்கிய பெட்டியோடு ஒரு பெண்ணும் இறங்கினார்கள். அந்தப் பெண் படித்துக்கொண்டிருந்தவள். நாங்கள் அவளைச் சாம்பிள் அக்கா என்று கூப்பிட்டோம். டாக்டர் சார் தெலுங்கையும் தமிழையும் கலந்து விளக்கினார்.

"இந்த ஏரியால உண்ணியால மாட்டுக்கு ஜொரம் வஸ்துந்தி. மாசம் ஒரு வாட்டி வந்து உண்ணி எண்ணுவோம். எக்குவா, நெறைய இருந்தா காதுல துளி ரத்தம் எடுத்துப் பாப்போம். நோய் இருந்தா ஊசி. எல்லாம் ஃப்ரீ, அம்மா. பயப்படாதீங்க."

எங்கள் வீடுதான் தெருவில் முதல் வீடு. மாட்டை வெளியே கட்டச் சொன்னார். ஒரு பக்கம் மட்டும் எண்ணி இரண்டால் பெருக்குவது அவர்கள் முறை. சாம்பிள் அக்கா காதுக்குள், தாடையின் தொங்குசதையில், வாலடியில், மடியின் மடிப்பில் கையை விட்டுத் தடவித் தடவி எண்ணினாள். சத்தமாக எண்ணினாள், டாக்டர் சார் எழுத வேண்டுமே. "ஒகட்டி, ரெண்டு, மூடு." தெருப் பிள்ளைகளுக்கு அது வாய்ப்பாடு போல இருந்தது. எல்லோரும் சேர்ந்து பாட ஆரம்பித்தார்கள். பத்தைத் தாண்டியது, இருபதைத் தாண்டியது. முப்பை என்று முப்பது வந்தபோது கைதட்டினார்கள். அம்மா கதவின் பின்னால் நின்றாள். அவளுடைய கால்விரல்கள் மட்டும் வெளியே தெரிந்தன, தரையை அழுத்திக்கொண்டு.

"இன்னாடி இது," என்றாள் அத்தை, வாசலில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு. "உன் பொறந்த ஊட்டு மாட்ல பாலு கறக்கறியா, உண்ணி கறக்கறியா?"

தெரு முழுக்கச் சிரிப்பு. நைனாவும் சிரித்தார். அதுதான் அம்மாவுக்குத் தாங்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன். அன்று அப்படித் தெரியவில்லை. அன்று நானும் சிரித்தேனோ என்னவோ.

காது நரம்பில் ஊசியால் குத்தி, ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து, ஊதிக் காயவைத்து எடுத்துப் போனார்கள். ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று பிறகு செய்தி வந்தது. அது அம்மாவின் காதில் ஏறவில்லை. ரத்தம் எடுத்த அன்று சாயங்காலம் மாடு மிரண்டு பாலை அடக்கியிருந்தது. ரத்தம் எடுத்ததால்தான் பால் குறைந்தது என்று அவள் முடிவே செய்துவிட்டாள்.

"அந்தப் பக்கத்த எண்ணவே இல்ல. எண்ணாமலே ரெண்டால பெருக்கிட்டாங்க. இது இன்னா நாயம்?" என்று ராத்திரிச் சோறு போடும்போது நைனாவிடம் கேட்டாள்.

"உண்ணிக்கு எந்தப் பக்கமா இருந்தா இன்னா?" என்றார் நைனா.

"அவமானம் எனக்குத்தானே."

அடுத்த மாதம் வேன் வருகிற நாளை டாக்டர் சாரே முன்கூட்டிச் சொல்லி அனுப்பினார். நல்லெண்ணத்தில்தான், மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிவிடக்கூடாதே என்று. அந்தக் காலையில் அம்மா என்னைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. கொட்டாங்கச்சியில் கிருஷ்ணாயில் ஊற்றி என் கையில் கொடுத்தாள். அவள் பிடுங்கிப் போடுவாள், நான் ஏந்துவேன். சின்னதெல்லாம் செம்பழுப்பாக, எள் மாதிரி. பெரியது ஊதி, சாம்பல் நிறத்தில், ஆமணக்கு விதை மாதிரி. விரலில் அழுந்தி உடைந்தால் கறுத்த ரத்தம் நகத்துக்குள் போய்விடும், இரண்டு நாளைக்கு வாசம் போகாது. கிருஷ்ணாயிலில் விழுந்தவை கால்களை மெதுவாக ஆட்டிக்கொண்டிருக்கும். மாடு அசையாமல் நிற்கும். காதுக்குள் கைவிடும்போது மட்டும் தலையைச் சாய்த்துக் கொடுக்கும். அதற்கு அது சுகமாகத்தான் இருந்திருக்கும்.

பிறகு குளிப்பாட்டல். சீயக்காய், வேப்பிலைத் தண்ணீர், நெற்றியில் மஞ்சள் குங்குமம், கழுத்தில் கனகாம்பரச் சரம். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் நிறுத்துவதுபோல அம்மா அதைத் தெருவில் நிறுத்தினாள்.

சாம்பிள் அக்கா தடவினாள். காது, தாடை, வாலடி, மடி. எண்ண ஒன்றுமில்லை. பிள்ளைகள் வாயைத் திறந்தபடி காத்திருந்தார்கள்.

"ஜீரோ," என்றார் டாக்டர் சார். "சால மன்ச்சிதி, அம்மா. இப்படித்தான் வச்சிக்கணும்."

அம்மாவின் முகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் அப்படிப் பார்த்ததில்லை. ரத்தமும் எடுக்கவில்லை, உண்ணியே இல்லாத மாட்டுக்கு எதற்கு ரத்தம்.

ஆனால் சாம்பிள் அக்கா மடியின் மடிப்பிலிருந்து கையை எடுத்தபோது கையுறையில் சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டுகள் இருந்தன. நான் கொட்டாங்கச்சியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். அவள் அவரிடம் காட்டினாள். "சார், இப்பத்தான் பிடுங்கியிருக்காங்க. ஸ்கின்ல கடிச்ச எடம் எல்லாம் இருக்கு."

அவர் பேனாவை மூடிக்கொண்டே சொன்னார், "இருக்கறத எண்ணும்மா. இருந்தத எண்ணச் சொல்லி யாரும் நமக்குச் சொல்லல."

இந்த வாக்கியத்தை நானாகப் பின்னால் சேர்த்துக்கொண்டேனா என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். இல்லை. சொன்னார். வெயிலில் அவருக்குக் கண் கூசியது, வேனுக்குள் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது.

அதற்கடுத்த மாதங்களில் தெரு முழுவதும் எங்கள் வீட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. வேன் வருகிற காலை பொங்கல் மாதிரி இருக்கும். வாசல்தோறும் மாடு குளிப்பாட்டுகிற தண்ணீர் ஓடும். வேன் போன மறுநாளிலிருந்து மாடுகள் பழையபடி மேய்ச்சலுக்குப் போகும், சாயங்காலம் பழையபடி உண்ணியோடு திரும்பும். நடுவில் இருக்கிற நாட்களில் யாரும் பிடுங்கவில்லை. எதற்குப் பிடுங்க வேண்டும்? பார்க்கிறவர்தான் இல்லையே.

அத்தை மட்டும் எதுவும் செய்யவில்லை. "எனக்கு வேற வேல இல்ல? எண்றதுக்குத்தானே வர்றாங்க, எண்ணிக்கினு போவட்டும்" என்பாள். அவள் மாட்டில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு பாடக் கிடைத்தது. ஒவ்வொரு முறையும் அதன் காதில் ரத்தம் எடுத்தார்கள். ஆடியில் அந்த ரத்தத்தில் கிருமி இருப்பதாகச் சொல்லி மறுநாளே வேன் திரும்பி வந்தது. மஞ்சளாக ஒரு ஊசி மருந்தைத் தொடையில் போட்டார்கள், கொட்டாயில் அடிக்க மருந்தும் கொடுத்தார்கள். மாடு இரண்டு நாள் நொண்டியது. அம்மா எங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள்.

"ரத்தத்த உறிஞ்சி உறிஞ்சி மாட்டப் பாழாக்கிட்டாங்க," என்றாள் என்னிடம். குரலில் பரிதாபம் இருந்தது. அதற்கு அடியில் இருந்தது என்ன என்று எனக்கு இப்போது தெரியும்.

ஆவணியில் கடைசி வருகை. புங்க மரத்தடியில் மேசை போட்டுக் கூட்டம். "ஈ ஊரு மாடல் ஊரு," என்றார் டாக்டர் சார். இனி மாதாமாதம் வரத் தேவையில்லை, வேன் இனி உண்ணி இருக்கிற ஊர்களுக்குப் போகும். சுத்தமான கொட்டாய்க்கு ஒரு பரிசு. அம்மாவைக் கூப்பிட்டு எவர்சில்வர் பக்கெட் ஒன்றைக் கொடுத்தார். அம்மா அதைக் கோயில் பிரசாதம் வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கினாள். வீட்டில் அதில் தண்ணீர்கூடப் பிடிக்கவில்லை. உள்ளே மரப்பலகை மேல் வைத்திருந்தாள். கதவு திறந்திருந்தால் தெருவிலிருந்து பார்க்கலாம். வெயில் படும் நேரத்தில் கூரையில் ஒரு வெளிச்ச வட்டம் ஆடும். நானும் தங்கையும் படுத்துக்கொண்டு அதையே பார்ப்போம்.

புரட்டாசி பிறந்தது. ரோட்டில் மஞ்சள் வேட்டிக்காரர்கள் திருமலைக்கு நடந்து போக ஆரம்பித்தார்கள். "கோவிந்தா" சத்தம் வயல் தாண்டிக் கேட்கும். அந்த வாரம் எங்கள் மாடு அசைபோடுவதை நிறுத்தியது. மூக்கு காய்ந்து வெடித்தது. காதைத் தொட்டால் தோசைக்கல் மாதிரி சுட்டது. கடலைப் புண்ணாக்கை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

மறுநாள் காலையில் கொட்டாயில் நான்தான் முதலில் பார்த்தேன். மாடு பெய்த மூத்திரம் பில்டர் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் நுரைத்துக் கல் இடுக்கில் ஓடியது.

"அம்மா, மாடு ரத்தமா மூத்திரம் போவுது!"

அம்மா ஓடிவந்து பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். அந்த எவர்சில்வர் பக்கெட்டோடுதான் திரும்பி வந்தாள். அதில் முதல்முறையாகத் தண்ணீர் பிடித்துக் கொட்டாயைக் கழுவினாள்.

"ஆரு கிட்டயும் சொல்லாத," என்றாள். "உங்க அத்த காதுல உழுந்தா போதும். சுத்தமான ஊட்டு மாடு பாருங்கடின்னு ஊரக் கூட்டுவா."

மாடு பெய்யப் பெய்ய அவள் கழுவினாள். நைனா வயலிலிருந்து வரும்போதெல்லாம் கொட்டாய் ஈரமாக, பளிச்சென்று இருந்தது.

மாடு படுத்துவிட்டு எழுந்திருக்கத் திணறியபோது நைனா மெயின் ரோட்டில் போய் நின்றார். வேறு ஊருக்குப் போய்க்கொண்டிருந்த வேனைக் கைகாட்டி நிறுத்திக் கூட்டிவந்தார். டாக்டர் சார் மாட்டின் கண் இமையை விரித்துப் பார்த்தார். உள்ளே காகிதம் போல வெளுத்திருந்தது. தெர்மாமீட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"உண்ணி இருந்துச்சா, அம்மா?"

"அய்யோ, எங்க ஊட்லயா சார்?"

"மூத்திரம்? என்ன கலரு?"

"தண்ணி மாதிரிதான் சார்."

நான் அம்மாவின் பக்கத்தில் நின்றேன். "சார், உண்ணி நெறைய..." என்று ஆரம்பித்தேன். அம்மாவின் விரல்கள் என் மேல்கையின் உள்பக்கத்தைப் பிடித்துத் திருகின. சதை மெல்லிசாக இருக்கிற இடம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டாக்டர் சார் என்னைப் பார்த்தார். நான் சொல்ல வந்தது அவருக்குப் புரிந்தது என்றுதான் நான் நம்புகிறேன். என்ன பாப்பா, சொல்லு, என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"சார், ஒரு துளி எடுத்துப் பாத்துடலாமா?" என்று சாம்பிள் அக்கா பெட்டியைத் திறந்தாள்.

"வேணாம் சார்," அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "அதுக்கு இருக்கறதே கொஞ்சம் ரத்தம்."

டாக்டர் சார் மணியைப் பார்த்தார். "வதிலேய், விடும்மா, டைம் லேது. நம்ம ரிப்போர்ட்லயே இது க்ளீன் வீடு. கண்டதைத் துன்னு ஜீரணம் கெட்டிருக்கும்." ஜுரத்துக்கு ஒன்றும் வயிற்றுக்கு ஒன்றுமாக ஊசி போட்டார். அம்மாவின் கையிலிருந்த பக்கெட்டில் கை கழுவிக்கொண்டார். அது அவர் கொடுத்த பக்கெட் என்று அடையாளம் கண்டு சிரித்தார்கூட.

மறுநாள் விடிந்தபோது மாடு கால்களை நீட்டிக்கொண்டு கிடந்தது. சத்தம் கேட்டு வேலியைத் தாண்டி அத்தை வந்தாள். அம்மா கழுவுவதற்கு முன்னால் வந்துவிட்டாள். மாட்டின் பின்னால் தேங்கியிருந்ததைப் பார்த்தாள். அத்தை குரலைத் தாழ்த்திப் பேசியதை முதல்முறையாக அன்றுதான் கேட்டேன்.

"அடிப்பாவி. இது எத்தினி நாளா போவுது?"

அம்மா பக்கெட்டை எடுக்கக் குனிந்தாள்.

"எங்க மாட்டு ரத்தத்துல கண்டுபுடிச்சாங்களே, அது முத்தினா இப்பிடித்தான் போவும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. ஒரு ஊசிடி. அந்த மஞ்ச ஊசி. எங்க ஊட்டுக்கு மொத நாளே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே போயி அந்த ஆள இழுத்துக்கினு வந்திருப்பேனே."

அவள் செய்திருப்பாள். அதுதான் எனக்கு இன்றும் கசப்பாக இருக்கிறது. அத்தை ஊரைக் கூட்டிச் சிரித்திருப்பாள், சிரித்துக்கொண்டே போய் அந்த ஊசியையும் கொண்டுவந்திருப்பாள். என் அம்மாவுக்கு இரண்டாவது தெரியவில்லை, முதலாவது மட்டும்தான் தெரிந்தது.

மாட்டை ஏரிக்கரையில் புதைத்தார்கள். பக்கெட்டை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. குழியில் போட்டுவிட்டார்களா, பழைய இரும்புக்காரனிடம் போனதா, கேட்டதில்லை. கூரையில் ஆடும் வெளிச்ச வட்டத்தைத் தங்கை கொஞ்ச நாள் தேடினாள். கழுத்துக்கயிறு மட்டும் கொட்டாயில் வெகுநாள் தொங்கியது. அம்மா கோபம் வந்தால் போய் நிற்க அந்த வீட்டில் இடமில்லாமல் போனது. அதற்குப் பிறகு அவள் சமையலறையிலேயே அழுதாள். "பரிசு குடுத்தன்னிக்கே கண்ணு பட்டுடுச்சு" என்று இன்றுவரை சொல்கிறாள். டாக்டர் சார் தன் ஆபீஸில் என்ன சொன்னார், எத்தனை ஊரில் இப்படி ஜீரோ எழுதினார், அதைப் பார்த்து எவ்வளவு பெரியவர்கள் சந்தோஷப்பட்டார்கள், எனக்குத் தெரியாது. அந்த நோயைப் பற்றி நான் பிரசவத்துக்குப் பின் தூக்கம் வராத நாட்களில் போனில் தேடிப் படித்தேன். சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாகக்கூடியது என்று போட்டிருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அம்மாவை நான் இதற்காகத் திட்டியதில்லை. திட்டுவது சரியா என்று எனக்கே தெரியவில்லை. தெருவே பாட்டுப் பாடி எண்ணும்போது கதவுக்குப் பின்னால் நின்றவள் அவள். அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் வேறு மாதிரி செய்திருப்பேன் என்று நீண்ட நாள் நம்பிக்கொண்டிருந்தேன். படித்தவள், திருப்பதியில் குடியிருக்கிறவள், பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தாலும் டாக்டரிடம் ஓடுகிறவள்.

போன வாரம் கேட்டில் வரிசை நகர்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கு முன்னால் நின்றவர்களின் பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து நர்ஸ் "லேவு, லேவு", இல்லை, இல்லை, என்று சொல்லிக்கொண்டே வந்தார். மருந்துப் பாட்டில்கள் அட்டைப் பெட்டியில் பிரிக்காமலே இருந்தன. என் மகளின் முறை வந்தது. நர்ஸ் காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கினார். அங்கே முந்தின நாள் நான் வாரி வாரிச் சிவந்த கோடுகள்.

"ஏமி லேவு. குட் கேர்ள்."

என் மகள் அண்ணாந்து பார்த்தாள். அவளுக்குப் பொய் பிடிக்காது. அதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். "இருந்துச்சு மேடம்," என்றாள் சத்தமாக. "நெறைய இருந்துச்சு. அம்மா நேத்து..."

பின்னால் நீங்கள் எல்லோரும் நின்றீர்கள். நீங்கள் பார்த்தீர்களா, இல்லையா, எனக்குத் தெரியாது. என் கை அவள் சட்டைக் கைக்குள் போய்விட்டது. மேல்கையின் உள்பக்கம், சதை மெல்லிசாக இருக்கிற இடம். அந்த இடம் எங்கே இருக்கிறது என்று என் விரல்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அவள் நிறுத்திக்கொண்டாள். நர்ஸ் சிரித்துவிட்டு, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.